கடையும் உறவும்
(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



முதலாளிக்கும் வேலையாளுக்கும் உரிய முறைமை குறித்துச் சில கூறுமாறு சங்கத்தார் எம்மைப் பணித்தனர். மாணாக்கர்க்கு இலக்கணம் கற்பிக்கும் எமக்கு இஃது அயற்பொருளே. மேலும், இவ்வவையில் கடை வைத்திருப்போரும் உளர். அக்கடைகளில் வேலை பார்ப்போரும் உளர். இருசாராரும் ஒருவர்க்கொருவர் உறவினர். ஆதலின் பேசுதற்கு அரிய பொருள், ஆயினும் துணிந்தோம்.

திருக்குறளில் 52ஆம் அதிகாரம் தெரிந்து வினையாடல். 53ஆம் அதிகாரம் சுற்றந்தழால். ஒருவனை ஆராய்ந்து வேலையில் அமர்த்துதல் வேறு, சுற்றத்தாரைத் தழுவிக்கொள்ளுதல் வேறு என்பது கருதியன்றோ வள்ளுவனார் இவற்றை அடுத்தடுத்து வைத்தும் ஒன்றாக்காது விடுத்தார்? நாமோ இரண்டையும் ஒரே கல்லாப்பெட்டியில் இட்டுப் பூட்டிவிட்டோம்.

எம் குடும்பத்தில் நிகழ்ந்ததைக் கூறுகின்றோம். எம் தந்தையார் 1981 முதல் 2003 வரை உறவினர் ஒருவரது மளிகைக் கடையில் கணக்கெழுதி வந்தார். கடைக்காரரைப் பெரியப்பா என்றே அழைத்து யாம் வளர்ந்தோம். அவர் கொடியரல்லர். தீபாவளிக்கு வேட்டி சேலை வரும். எம் அன்னையார் நோயுற்றபோது மருத்துவச் செலவு முழுதும் அவரே ஏற்றார். சம்பளம் மட்டும் இன்ன நாளில் இவ்வளவு என்று இருந்ததில்லை. கேட்டால் வரும், கேட்க நாணினால் வராது. அவர் காலமானபின் கடை மகன் கைக்கு வந்தது. ஒருநாள் மாலை, "நாளை முதல் வரவேண்டா, சித்தப்பா" என்றார் அவர். அப்போதும் சித்தப்பா என்றே சொன்னார்!

நம் மாநிலத்துக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947இல் இயற்றப்பட்டது. ஆறு திங்களேனும் தொடர்ந்து பணிசெய்தவனை விலக்குதற்குத் தக்க காரணம் வேண்டும் என்றும், அதன்மேலும் ஒரு திங்கள் முன்னறிவிப்போ அதற்கீடான சம்பளமோ தரல் வேண்டும் என்றும் அதன் 41ஆம் பிரிவு கூறுகின்றது. குற்றம் விசாரணையில் மெய்ப்பட்டால் மட்டும் முன்னறிவிப்பு வேண்டா. வாய்மொழி உடன்பாடும் உடன்பாடே. ஆயின், எம் தந்தையார் 22 ஆண்டு பணிசெய்தார் என்பதற்குச் சான்று யாது? கணக்கெழுதியவர் அவரே. தாம் பெற்றதை அவர் ஓரிடத்தும் சம்பளம் என்று எழுதவில்லை. முதலாளி சொன்னவாறு 'வீட்டுச் செலவு' என்றே பற்று எழுதி வந்தார். மூட்டை தூக்கியோர் கூலியோ பெயரும் நாளும் இட்டு ஒழுங்காய் எழுதப்பட்டிருந்தது. அயலார்க்கு இருந்த சான்று உறவினர்க்கு இல்லாது போயிற்று.

வேலையாள் யாவன் என்பதற்கு நெடிய ஆராய்ச்சி வேண்டா. மற்றொருவர் குறித்த நேரத்தில் வந்து, அவர் ஏவிய வேலையைச் செய்து, அதற்கு ஊதியம் பெறுவோன் வேலையாளே. பங்காளி மகனாயினும் அவ்வாறே. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள ஊதியச் சட்டத்தொகுப்பின்படி, மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் 7ஆம் நாளுக்குள் கொடுத்தல் வேண்டும். விலக்கப்பட்டோர்க்குச் சேரவேண்டிய சம்பளத்தை இரண்டு வேலைநாட்களுக்குள் தீர்த்தல் வேண்டும். ஜவுளிக் கடைகளில் நாள்முழுதும் நிற்கும் பெண்மக்கள் அமர்தற்கு இருக்கை வேண்டுமென்று கேரளத்தில் 2018இலும் நம் மாநிலத்தில் 2021இலும் சட்டம் எழுந்தது. முக்காலி ஒன்று இடுதற்கும் சட்டம் வேண்டியதாயிற்று, பாருங்கள்!

வேலை பார்க்கும் இளைஞர்காள், நீவிரும் கேண்மின். தீபாவளிக்கு முந்திய வாரத்தில் சொல்லாது கொள்ளாது அடுத்த கடைக்குப் போதல் முறையன்று. உறவுதானே என்று கல்லாவில் எடுத்துவிட்டுப் பின்னர்ச் சொல்லுதலும் முறையன்று.

கடைக்காரர்களை யாம் வேண்டுவது ஒரு தாள். பெயர், சேர்ந்த நாள், வேலை, நேரம், சம்பளம், அது கொடுக்கும் நாள் ஆகிய இவ்வளவையும் எழுதி இருவரும் ஒப்பமிட்டு, ஆளுக்கொரு படி வைத்துக்கொள்ளுங்கள். தீபாவளி வேட்டியை நிறுத்தச் சொல்லவில்லை. அது தனியே வரட்டும்.

அம்மளிகைக் கடை பின்னர் மூடப்பட்டது. பழைய ஏடுகள் எடைக்குப் போயின. அவற்றுள் 1994ஆம் ஆண்டுப் பேரேட்டை யாம் விலைகொடுத்து வாங்கினோம். எம் தந்தையார் கையெழுத்து மிக அழகியது. ஏடு இம்மேசைமேல் உள்ளது. 'வீட்டுச் செலவு' வரும் பக்கங்களில் தாள் செருகி வைத்துள்ளோம். கூட்டம் கலையுமுன் கடைக்காரர் அனைவரும் வந்து காண்பீராக.