ஒரே மாத்திரை, நான்கு வளைகோடுகள்



தேக்கா நிலையத்தில் காலை நேரத்தில் ஒரு தே தாரிக் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தால், பக்கத்து மேசைப் பேச்சு காதில் விழும். "கொழுப்புக்கு உங்களுக்கு எத்தனை எம்ஜி குடுத்திருக்காங்க அண்ணே?" "எனக்குப் பத்து." "எனக்கு அஞ்சுதான். அப்ப எனக்கு அவ்வளவு மோசமில்ல போல."

எம்ஜியை வைத்து நோயை எடை போடுவது நம்மவர்களுக்குப் பழகிப்போன ஒன்று. ஆனால் அட்டையில் அச்சாகியிருக்கும் எண், நாம் விழுங்குகிற மருந்தின் எடை. அவ்வளவுதான். அதில் எவ்வளவு ரத்தத்தில் சேர்கிறது, எத்தனை மணி நேரம் தங்குகிறது என்பதை அட்டை சொல்லாது. ரத்தத்தை எடுத்து அளந்து பார்த்தால்தான் தெரியும். அப்படி அளந்து பார்த்த ஒரு முக்கியமான ஆய்வு இதே சிங்கப்பூரில் நடந்தது. இன்றைய உரை அதைப் பற்றியதுதான்.

ரோசுவாஸ்டாடின் என்று ஒரு கொழுப்பு மாத்திரை. கிரெஸ்டார் என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. ஒரே அளவு கொடுத்தாலும், மேற்கத்திய நாட்டவரைவிட ஜப்பானியரின் ரத்தத்தில் இந்த மருந்து ஏறக்குறைய இரண்டு மடங்கு காணப்பட்டது. ஏன்? சாப்பாடா, தட்பவெப்பமா, பரம்பரையா? டோக்கியோவில் இருப்பவரையும் லண்டனில் இருப்பவரையும் ஒப்பிட்டால் இதற்கு விடை கிடைக்காது. பல இனத்தாரும் ஒரே ஊரில், ஒரே வெயிலில் வாழும் இடம் வேண்டும். சிங்கப்பூர் அதற்குத் தோதான ஊர்.

சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட்மண்ட் லீயும் அவருடைய சகாக்களும் செய்த அந்த ஆய்வு 2005-ல் வெளியானது. இங்கே வசிக்கும் வெள்ளையர் 36 பேர், சீனர் 36 பேர், மலாய்க்காரர் 35 பேர், இந்தியர் 35 பேர். ஆளுக்கு 40 மில்லிகிராம், ஒரே ஒரு வேளை.

இத்தகைய ஆய்வு எப்படி நடக்கும் என்று கொஞ்சம் பார்ப்போம். ஆய்வுக்கு வருபவர் இரவு முழுக்க வெறும் வயிற்றோடு இருப்பார். காலையில் கையில் ஒரு சிறு குழாயைப் பொருத்துவார்கள். ஒரு கிளாஸ் தண்ணீரோடு மாத்திரையை விழுங்கியதும் தாதி வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கின் அடியில்கூடப் பார்ப்பார். அதன்பிறகு ஆட்சி கடிகாரத்துடையது. முதல் சில மணி நேரத்துக்கு அடிக்கடி ரத்தம் எடுப்பார்கள். பிறகு இடைவெளி கூடும். மறுநாளும் அதற்கடுத்த நாளும்கூட எடுப்பதுண்டு. எடுத்த ரத்தத்தைச் சுழற்றி, மேலே தெளிந்து நிற்கும் மஞ்சள் நீரைப் பிரித்து உறைய வைப்பார்கள். பின்னர் அதில் இருக்கும் மருந்தை நானோகிராம் கணக்கில் ஒரு கருவி அளக்கும். ஒரு கிராமை நூறு கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்குதான் நானோகிராம்.

கிடைத்த அளவுகளை நேரத்துக்கு எதிராக வரைந்தால், மலைபோல் ஏறி இறங்கும் ஒரு வளைகோடு வரும். அதில் மூன்று விஷயங்களைப் பார்ப்பார்கள். உச்சி எவ்வளவு உயரம், அதை எட்ட எவ்வளவு நேரம், கோட்டுக்கு அடியில் இருக்கும் பரப்பு எவ்வளவு. அந்தப் பரப்புதான் உடல் மொத்தமாகச் சந்தித்த மருந்தின் கணக்கு.

விழுங்கிய மருந்து முழுவதும் ரத்த ஓட்டத்தில் சேர்ந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். குடலிலிருந்து கிளம்புவது எல்லாம் முதலில் கல்லீரலைத் தாண்டியாக வேண்டும். விடுமுறை நாளில் உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியைத் தாண்டுகிற மாதிரிதான். எத்தனை வண்டி புறப்பட்டது என்பது ஒன்று, அந்தப் பக்கம் எத்தனை போய்ச் சேர்ந்தது என்பது வேறு. ரோசுவாஸ்டாடினில் ஐந்தில் ஒரு பங்குதான் உடலின் பொது ரத்த ஓட்டத்துக்கு வருகிறது. மூன்றிலிருந்து ஐந்து மணி நேரத்தில் உச்சியைத் தொடுகிறது. அங்கிருந்து பாதியாகக் குறைய ஏறக்குறைய 19 மணி நேரம். ஒரே ஒரு மாத்திரை உடலைவிட்டு அநேகமாக முழுதாக வெளியேற நான்கு நாள் ஆகும்.

சரி, இந்த ஆய்வின் முடிவு என்ன? வெள்ளையரின் பரப்பை ஒன்று என்று வைத்துக்கொண்டால், இந்தியருக்கு 1.63. மலாய்க்காரருக்கு 1.91. சீனருக்கு 2.31. ஊர் ஒன்று, மாத்திரை ஒன்று, வளைகோடுகள் மட்டும் நான்கு. ஊர்ச் சூழல் இதற்குக் காரணமில்லை என்பது தெளிவாயிற்று. குடலிலும் கல்லீரலிலும் மருந்தை உள்ளே வெளியே கடத்தும் புரதங்கள் உண்டு. அவற்றை உருவாக்கும் மரபணுக்களில் உள்ள வேறுபாடுகளும் இதில் பங்கு வகிப்பது பின்னாளில் தெரியவந்தது.

அதே 2005-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, ஆசிய வம்சாவளியினருக்கு 5 மில்லிகிராமில் தொடங்கலாம் என்று மருந்துக் குறிப்பில் சேர்த்தது. மருந்து ஆபத்தானது என்று இதற்குப் பொருளில்லை. குறைந்த அளவிலேயே பலன் கிடைக்கக்கூடும், அதனால் அங்கிருந்து தொடங்கலாம் என்பதுதான் பொருள். ஆனால் அந்தக் குறிப்பு சீனரையும் ஜப்பானியரையும் இந்தியரையும் "ஆசியர்" என்ற ஒரே பெட்டிக்குள் வைத்தது. நம் ஊர்க் கணக்கிலோ அந்தப் பெட்டிக்குள்ளேயே 1.63-க்கும் 2.31-க்கும் இடையே எவ்வளவு தூரம்!

"அப்படியென்றால் இந்திய உடம்புக்கு எல்லா மருந்தும் கொஞ்சம் குறைவாகப் போதுமா?" என்று கேட்கத் தோன்றும். அதுதான் இல்லை.

வார்ஃபரினை எடுத்துக்கொள்ளுங்கள். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரை. சிங்கப்பூர் நோயாளிகளைப் பார்த்தபோது, சீனரையும் மலாய்க்காரரையும்விட இந்தியருக்குச் சராசரியாக அதிக அளவு தேவைப்பட்டது. முக்கியக் காரணம், அந்த மருந்து போய்த் தாக்குகிற இலக்கில் இருக்கும் ஒரு மரபணு வேறுபாடு. நீரிழிவுக்கான மெட்ஃபார்மினோ இன்னொரு ரகம். கல்லீரல் அதை உடைப்பதே இல்லை. ரத்தத்தில் சேர்ந்தது போனபடியே சிறுநீரில் வந்துவிடும். அங்கே அளவைத் தீர்மானிப்பது சிறுநீரகம் எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்பது. இனத்துக்கு அதில் வேலையில்லை.

இதற்கெல்லாம் முன்பே, சென்னையில் ஒரு பாடம் கிடைத்தது. 1956-ல் அங்கே காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. சேத்துப்பட்டில் இருக்கும் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்றால் இன்று பலருக்கும் தெரியும். ஐசோநியாசிட் என்ற காசநோய் மருந்தைச் சிலருடைய கல்லீரல் மெதுவாகச் செயலிழக்க வைக்கும், சிலருடையது வேகமாகச் செய்துவிடும். இது பிறவியிலேயே அமைவது. சென்னை நோயாளிகளில் ஏறக்குறைய 60 விழுக்காட்டினர் மெதுவானவர்கள். சீனரிடையே மெதுவானவர்கள் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்தான்.

இதனால் என்ன வித்தியாசம் என்கிறீர்களா? தினமும் மருந்து சாப்பிடும் முறையில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. வாரம் ஒருமுறை மட்டும் கொடுத்துப் பார்த்தபோதுதான், வேகமானவர்களுக்குப் பலன் குறைந்தது. மருந்து சீக்கிரமே போய்விட, மிச்ச நாட்களில் கிருமிக்குக் கொண்டாட்டம். மறுபக்கம், மெதுவானவர்களுக்குக் கை கால் மதமதப்பு அதிகம் வந்தது. பி6 வைட்டமின் சேர்த்துக் கொடுத்து அதைத் தடுக்க முடிந்தது.

சென்னையின் அந்தக் கணக்கை இன்னொரு முறை யோசித்துப் பாருங்கள். பத்துப் பேரில் ஆறு பேர் மெதுவு, நான்கு பேர் வேகம். எல்லோரும் ஒரே ஊர்க்காரர்கள். ஒரே குடும்பத்தில் அண்ணன் மெதுவாகவும் தம்பி வேகமாகவும் இருக்கலாம். ஆக, ஒருவர் என்ன இனம் என்பது மருத்துவருக்கு ஒரு துப்பு. அதை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. ஆளைத்தான் அளக்க வேண்டும்.

சிங்கப்பூர் மருத்துவமும் அந்தத் திசையில் போகத் தொடங்கிவிட்டது. வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமாசிபின் என்ற மருந்து, குறிப்பிட்ட ஒரு மரபணு உள்ளவர்களுக்குத் தோலையே உரித்துவிடும் கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கலாம். ஆசிய வம்சாவளியினருக்கு அதைப் புதிதாகத் தொடங்கும் முன் மரபணுப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று சுகாதார அமைச்சும் சுகாதார அறிவியல் ஆணையமும் 2013-ல் அறிவுறுத்தின.

ஒவ்வொரு மருந்துக்கும் இப்படிப் பரிசோதனை கிடையாது. எல்லாவற்றுக்கும் அது தேவையும் இல்லை. ஆனால் மருத்துவருக்கு உதவக்கூடிய வேறு துப்புகள் உங்கள் கையிலேயே இருக்கின்றன. அடுத்த முறை பலதுறை மருந்தகத்துக்குப் போகும்போது, சிராங்கூன் ரோட்டில் வாங்கியது, ஊருக்குப் போனபோது வாங்கி வந்தது, லேகியம், சூரணம் என்று சாப்பிடுவது எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். வெவ்வேறு பெயரில் இரண்டு அட்டைகள் இருக்கும், உள்ளே மருந்து ஒன்றாக இருக்கும். பம்பளிமாஸ் பழமும், அதன் உறவான கிரேப்ஃபுரூட்டும் சில மருந்துகளின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். ஆகவே சீனப் புத்தாண்டுக்கு வந்த பழத்தைப் பற்றியும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மருந்தாளரிடம் இன்னும் இரண்டு கேள்வி. "இது கல்லீரல் வழியாகப் போகிறதா, சிறுநீரகம் வழியாகவா? என் ரத்தப் பரிசோதனைக்கு இந்த அளவு சரிதானா?" பதில் வரும்வரை மாத்திரையை நீங்களாக உடைத்துப் பாதியாக்கவும் வேண்டாம், அடுத்தவருடைய எம்ஜியைப் பார்த்துக் கூட்டவும் வேண்டாம்.