கிட்டாருக்குள் ஒரு குடம்



கடம்பூர் என்றதும் ரயில் நிலையத்தில் வாங்கித் தின்ற போளிதான் பலருக்கும் முதலில் நினைவுக்கு வரும். கோவில்பட்டியைத் தாண்டித் திருநெல்வேலி நோக்கிப் போகும் பாதையில், இரு பக்கமும் கரிசல் காடு விரிந்து கிடக்க, நடுவே இருக்கும் ஊர். மழையை நம்பி உளுந்தும் பாசியும் சோளமும் பருத்தியும் விதைக்கிற இந்தச் சீமையில் கிட்டார் பழகும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். தேவாலயப் பாடற்குழுவில் கேட்டுப் பழகியவர்கள் சிலர். கல்லூரி விழாவில் பார்த்து ஆசைப்பட்டவர்கள் சிலர். கார்டு, அதாவது பல சுரங்கள் சேர்ந்த கட்டு, பிடிக்கக் கற்றுக்கொண்ட பிறகு அவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள். டிரம்ஸ், தபலா எதுவும் இல்லாமல் தனியாக உட்கார்ந்து வாசித்தால் பாட்டுக்கு உடம்பு இல்லாததுபோல் இருக்கிறது. ஆனால் நல்ல கலைஞர் ஒருவர் அதே கிட்டாரை எடுத்தால், தந்தி ஒலிக்கு நடுவே 'டப்', 'டப்' என்று ஓர் அடி விழுகிறது. கேட்பவரின் கால் தானாகத் தாளம் போடுகிறது. அந்த அடி எங்கிருந்து வருகிறது, அதை எப்படிப் பழகுவது என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தந்தியை அடித்துத் தாளம் எழுப்புவது நமக்குப் புதிய சங்கதி இல்லை. தென்பாண்டிச் சீமையில் கோயில் கொடை விழா என்றால் வில்லுப்பாட்டு உண்டு. நீண்ட வில்லில் நாணை இழுத்துக் கட்டி, மணிகளைத் தொங்கவிட்டு, வில்லின் நடுப்பகுதியைக் குடத்தின் மேல் பொருத்தி வைப்பார்கள். புலவர் வீசுகோலால் நாணை அடிப்பார். குடம் அடிப்பவர் பத்தி எனும் மட்டையால் குடத்தின் வாயில் தட்டுவார். உடுக்கும் ஜால்ராவும் கட்டையும் சேர்ந்துகொள்ளும். சாத்தூர் பிச்சைக்குட்டி, சுப்பு ஆறுமுகம் ஆகிய வில்லிசைக் கலைஞர்களை வானொலியில் கேட்டு வளர்ந்த தலைமுறை இன்றும் இருக்கிறது. நெல்லைச் சீமையில் பிறந்த சுப்பு ஆறுமுகத்துக்கு 2021இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 2022 அக்டோபரில் அவர் மறைந்தார்.

இந்த வில்லுக்கும் கிட்டாருக்கும் என்ன உறவு? இரண்டிலும் அடிபடுகிற ஒரு நாண் உண்டு. அடியை வாங்கிப் பெரிதாக்கித் தருகிற ஒரு கூடும் உண்டு. வில்லுக்கு அது குடம். கிட்டாருக்கு அதன் மரப்பெட்டி. வாய் குறுகிய பாத்திரத்துக்குள் இருக்கும் காற்று, தட்டினால் தனக்கென ஒரு சுருதியில் அதிரும் என்பதை ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் 19ஆம் நூற்றாண்டில் விளக்கினார். குடத்துக்கும் கடத்துக்கும் பொருந்துகிற அந்த விதி, வட்டத் துளை கொண்ட கிட்டாருக்கும் பெரிதும் பொருந்தும். சாதாரண அக்கூஸ்டிக் கிட்டாரின் உள்காற்று விநாடிக்கு ஏறத்தாழ 100 முறை அதிர்கிறது. பெட்டியின் முகப்பில் மணிக்கட்டால் மெல்லத் தட்டினால் 'தொம்' என்று கேட்கிறதே, அது இந்த அதிர்வுதான். ஆறு தந்தியோடு ஒரு குடத்தையும் சேர்த்தே நாம் மடியில் வைத்திருக்கிறோம்.

உலகத்தின் வேறு மூலைகளிலும் இதைக் கண்டுகொண்டவர்கள் உண்டு. ஸ்பெயின் நாட்டு ஃபிளமெங்கோ கலைஞர்கள் பாட்டின் நடுவே விரலால் பெட்டியைத் தட்டுவார்கள். மரம் தேயாமல் இருக்க அங்கே ஒரு தகடு ஒட்டியிருப்பார்கள். அமெரிக்கப் பாடகர் ஜானி கேஷ் 1956இல் பதிவான தன் புகழ்பெற்ற பாட்டில், தந்திகளுக்கு இடையே ஒரு காகிதத்தைச் செருகி வாசித்தார். டிரம்ஸ் இல்லாத அந்தப் பதிவில் கிட்டாரே டிரம்ஸின் வேலையைச் செய்தது. 1984இல் கிட்டார் கலைஞர் மைக்கேல் ஹெட்ஜஸ் வெளியிட்ட இசைத்தொகுப்பு, இரு கையாலும் தந்தியையும் பெட்டியையும் தட்டி ஒரே கிட்டாரில் ஒரு குழுவையே ஒலிக்க வைக்கலாம் என்று காட்டியது. வெளியே போக வேண்டியதில்லை, நம் ஆவுடையார்கோயிலிலேயே கெத்து வாத்தியம் என்று ஒன்று உண்டு. பார்ப்பதற்குத் தம்புரா போல இருக்கும். அதன் தந்திகளை மூங்கில் குச்சிகளால் அடித்து வாசிப்பார்கள்.

இனி கைவேலைக்கு வருவோம். இப்போது உங்களிடம் கிட்டார் இருக்க வேண்டியதில்லை. வலது உள்ளங்கையைத் தொடைமேல் வைத்துக்கொள்ளுங்கள், அது போதும்.

மூன்று ஒலிகள் நமக்கு வேண்டும். முதலாவது 'தோம்'. மேலே இருக்கும் தடித்த தந்திகளை மட்டும், கை கீழே இறங்கும்போது தொடுவது. இரண்டாவது 'க'. கை மேலே ஏறும்போது மெல்லிய தந்திகளை நுனி விரலால் லேசாக வருடுவது. மூன்றாவதுதான் 'டப்'. கை கீழே இறங்கும்போது கட்டைவிரலின் பக்கவாட்டும் உள்ளங்கையின் ஓரமும் தடித்த தந்திகளின்மேல் விழ வேண்டும். தந்தி, கிட்டாரின் கழுத்தில் பதித்திருக்கும் ஃப்ரெட் கம்பியில் மோதிச் சொடுக்கும். விழுந்த கை உடனே எழுந்துவிடக் கூடாது. ஒரு கணம் அங்கேயே படுத்து, அதுவரை ஒலித்துக்கொண்டிருந்த தந்திகளையும் அடக்க வேண்டும்.

இந்த அடக்குதல்தான் கலையின் உயிர். புதிதாகப் பழகுகிறவர்கள் 'டப்' வரவில்லை என்று இன்னும் ஓங்கி அடிக்கிறார்கள். அந்த அடி பலத்தால் வருவதில்லை. முன் விநாடியில் நிறைந்திருந்த ஒலி சட்டென்று அறுபடுவதால்தான் காது அதை அடியாக உணர்கிறது. ஒலி அறுபடாமல் எத்தனை ஓங்கி அடித்தாலும் அது இரைச்சல்தான். மிருதங்கம் வாசிப்பவரிடம் கேட்டுப் பாருங்கள். இடப்பக்கத் தொப்பியை ஒலிக்கவிடுவதும் அதை உள்ளங்கையால் மூடி அடக்குவதும் அவருக்குத் தனித்தனிப் பாடம். நாமும் அந்த இரண்டாவது பாடத்துக்குச் சரிபாதி நேரம் ஒதுக்க வேண்டும்.

அடுத்தது வரிசை. பாடப்புத்தகங்களில் முதலில் வருவது எட்டு அசைவுள்ள வரிசை. கீழ், மேல், கீழ், மேல் என்று கை எட்டு முறை அசைகிறது. ஒன்றாவதில் 'தோம்'. இரண்டாவதில் கை மேலே போகிறது, ஆனால் தந்தியைத் தொடுவதில்லை. மூன்றில் 'டப்'. நான்கில் 'க'. ஐந்தில் கை கீழே இறங்குகிறது, மறுபடியும் தொடுவதில்லை. ஆறில் 'க', ஏழில் 'டப்', எட்டில் 'க'. வாயால் சொல்லிப் பார்ப்போம்: தோம் … டப் க … க டப் க. மறுபடி: தோம் … டப் க … க டப் க.

கவனித்தீர்களா? அசைவு எட்டு, ஒலி ஆறு, மௌனம் இரண்டு. அந்த இரண்டு மௌனத்திலும் கை நிற்கக் கூடாது. ஆட்டிவிட்ட தொட்டில் போல வலக்கை ஒரே சீராக ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். எங்கே தந்தியைத் தொடுவது, எங்கே விலகுவது என்பது மட்டுமே நம் தேர்வு. தாளம் தடுமாறுகிற பத்துப் பேரில் பெரும்பாலோர், ஒலி இல்லாத இடத்தில் கையை நிறுத்திவிடுகிறவர்கள்தான்.

தாள வரிசையை நம் பெரியவர்கள் சொற்கட்டாகவே சொல்லிக்கொடுத்தார்கள். தவிலோ மிருதங்கமோ, தோலில் கை வைப்பதற்கு முன் வாயில் சொல் நிற்க வேண்டும். கிட்டார் பிள்ளைகளுக்கும் அந்த வழியைத்தான் சொல்வேன். முதலில் வாயால் சொல்லுங்கள். பிறகு சொல்லிக்கொண்டே தொடையில் தட்டுங்கள். அப்புறம் இடக்கையால் தந்திகளை அழுத்தாமல் மூடிக்கொண்டு, வலக்கையை மட்டும் ஓட்டுங்கள். அதன் பிறகே கார்டு. நிமிடத்துக்கு 60 தட்டு என்று மெட்ரோனோம் எனும் தாளக் கருவியை வைத்துக்கொண்டு தொடங்குங்கள். வேகம் கூட்ட அவசரம் வேண்டாம். மெதுவாக வாசிக்கும்போதுதான் எந்த அசைவில் கை பிசகுகிறது என்பது காதுக்குத் தெரியும். மணிக்கட்டு வலித்தால் நிறுத்திவிடுங்கள். வலி வருகிறது என்றால் கை இறுகியிருக்கிறது என்று பொருள்.

இனிமேல்தான் நம் ஊர்ப் பிரச்சினை வருகிறது. இந்த எட்டு அசைவு வரிசை சினிமாப் பாட்டு பலவற்றுக்குச் சரியாக உட்காரும். ஆனால் கும்மியும் காவடிச்சிந்தும் பெரும்பாலும் திஸ்ர நடையில், 'தகிட தகிட' என்று மூன்று மூன்றாக நடப்பவை. கோவில்பட்டிக்கு மேற்கே இருக்கும் கழுகுமலை முருகன்மேல் சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் பாடிய காவடிச்சிந்து இந்த மண்ணின் சொத்து. அதை எடுத்து எட்டு அசைவில் வாசித்தால் காவடி ஆடாது, நொண்டும்.

திஸ்ரத்தில் ஆறு எண்ணிக்கை. ஒன்றில் 'தோம்', நான்கில் 'டப்' விழ வேண்டும். கீழ், மேல் என்று மாறி மாறிப் போனால் நான்காவது எண்ணிக்கையில் கை மேலே ஏறிக்கொண்டிருக்கும். ஏறுகிற கையால் அடக்கி அடிக்க முடியாது. ஆகவே அசைவையே மாற்ற வேண்டும்: கீழ், கீழ், மேல், கீழ், கீழ், மேல். முதல் 'கீழ்' முடிந்ததும் கை ஓசையின்றி எழுந்து மறுபடி இறங்குகிறது. சொல்லாகச் சொன்னால்: தோம் த க, டப் த க. தோம் த க, டப் த க. இங்கே ஆட்டம் சமச்சீராக இருக்காது, முதல் அடிக்குப் பின் ஒரு சின்ன வெட்டு இருக்கும். அந்த வெட்டில்தான் சிந்தின் துள்ளல் இருக்கிறது. இதைப் பழகிவிட்ட பிள்ளை, கும்மிக்கும் சிந்துக்கும் யாரையும் எதிர்பார்க்காமல் கிட்டார் வாசிக்கலாம்.

வரிசை கைக்கு வந்துவிட்டால் பாட்டு முழுக்க அதையே அடித்துக்கொண்டிருக்க வேண்டாம். தொடக்கத்தில் தந்தியை ஒவ்வொன்றாக மீட்டுங்கள். 1980இல் வந்த மூடுபனி படத்தில் யேசுதாஸ் பாடிய கிட்டார் பாட்டை நினைத்துப் பாருங்கள். அதற்கு இசையமைத்த இளையராஜா, டிரினிட்டி கல்லூரியின் கிளாசிக்கல் கிட்டார் தேர்வில் தங்கப் பதக்கம் பெற்றவர். தந்தி எங்கே பேச வேண்டும், எங்கே பாடகருக்கு வழிவிட வேண்டும் என்பதை அந்தப் பாட்டிலேயே கற்கலாம். பல்லவியில் லேசான 'டப்', அனுபல்லவியில் இல்லை, சரணம் உயரும்போது முழு அடி, மறுபடி பல்லவிக்குத் திரும்பும் முன் ஒரு தட்டு முழு மௌனம் என்று நீங்களே பங்கிட்டுக்கொள்ளுங்கள். பாடிக்கொண்டே வாசிக்க வரவில்லை என்றால், கார்டை விட்டுவிட்டு 'டப்' மட்டும் தட்டிக்கொண்டு பாட்டின் சொற்களைப் பேசிப் பாருங்கள். பேச்சு நிலைத்த பிறகு பாடலாம்.

வாத்தியத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கிட்டாரின் முகப்புப் பலகை ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் கனம்தான். மோதிரத்தைக் கழற்றிவிட்டுத் தட்டுங்கள். நடுப்பலகையில் குத்தாமல் ஓரத்தில் தட்டுங்கள். நம் சீமையின் கோடை வறட்சி மரத்தைச் சுருக்கும். தகரக் கூரைக்கு நேர் கீழேயோ வெயிலில் நிற்கும் காருக்குள்ளேயோ கிட்டாரை வைத்தால் பசை இளகி, தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜ் பெயர்ந்துவிடும். வாசித்து முடித்ததும் தந்தியைத் துணியால் துடைத்து, உறைக்குள் வைத்து, வீட்டில் குளுமையான சுவரோரம் சாய்த்து வையுங்கள்.

'மேல்நாட்டு வாத்தியத்துக்கு எதற்கு நம் ஊர்த் தாளம்?' என்று கேட்கிறவர்கள் உண்டு. அவர்களுக்குக் கோவில்பட்டிக்குக் கிழக்கே இருக்கும் எட்டயபுரத்தைக் காட்டுவேன். இசைமேதை முத்துசாமி தீட்சிதர் 1835இல் உயிர் நீத்த ஊர் அது. அவருடைய தம்பி பாலுசாமி தீட்சிதர், சென்னையில் மணலி சின்னையா முதலியாரின் ஆதரவில் ஓர் ஐரோப்பியரிடம் வயலின் கற்றவர். பின்னாளில் எட்டயபுரம் சமஸ்தான வித்துவானாக இருந்தார். கர்நாடக இசைக்கு வயலினைக் கொண்டுவந்த முன்னோடிகளில் அவர் முதன்மையானவர். இன்று வயலின் இல்லாத கச்சேரி அபூர்வம். யாரும் அதை அந்நிய வாத்தியம் என்று சொல்வதில்லை. வாத்தியம் மாறவில்லை. உட்காரும் விதம் மாறியது, சுருதி சேர்க்கும் முறை மாறியது, வில் போடும் கை நம் கமகத்தைக் கற்றுக்கொண்டது. கிட்டாருக்கும் அதே வழி திறந்திருக்கிறது. இடக்கை பிடிக்கும் கார்டு எந்த நாட்டுடையதாகவும் இருக்கட்டும். வலக்கை நம் தாளத்தைக் கற்றுக்கொண்டால் அந்த வாத்தியம் நம்முடையது.

ஆகவே கரிசல் காட்டுப் பிள்ளைகளிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். அடுத்த கொடைக்கு உங்கள் ஊரிலோ பக்கத்து ஊரிலோ வில்லுப்பாட்டு வைத்தால் முன்வரிசையில் போய் உட்காருங்கள். புலவரின் கதையைக் கேளுங்கள். கண்ணைக் குடக்காரரின் கைமேல் வையுங்கள். எங்கே அடிக்கிறார், எங்கே விட்டுவிடுகிறார், கதை வேகமெடுக்கும்போது கை எப்படி மாறுகிறது என்று பாருங்கள். நிகழ்ச்சி முடிந்ததும் பணிவாகப் போய்க் கேளுங்கள், அவர் சொல்லித் தருவார். வில்லிசைக் கலைஞர்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கிட்டாரோடு வருகிற பிள்ளையை வேற்றாளாக நினைக்காதீர்கள். உங்கள் கைவழக்கத்தைக் கற்றுக்கொள்ள வந்திருக்கும் மாணவன் அவன், மாணவி அவள். நீங்கள் தருகிற தாளம் இன்னொரு வாத்தியத்திலும் வாழும்.