ஒரு நாள் ரயிலில் போய் வருவோம்
(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)



நான் நொச்சிக்குப்பத்திலிருந்து வருகிறேன். பத்தாவது வரைக்கும் படித்திருக்கிறேன். வீட்டைத்தான் பார்த்துக்கொள்கிறேன். என் வீட்டுக்காரர் ஃபைபர் போட்டில் தொழிலுக்குப் போறவர். மாமியார் மீன் வியாபாரம். கடன், சேமிப்பு, வட்டி பற்றியெல்லாம் பேச இங்கே என்னைவிட நல்லாத் தெரிஞ்சவங்க இருக்காங்க. உங்க குழு ரயிலில் போய் வருதே, அதைப் பற்றிப் பேசு என்று என்னிடம் சொன்னார்கள். அதனால் அதைப் பற்றியே பேசுகிறேன்.

அது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. வருஷத்துக்கு மூன்று தடவை, எங்க குழுவில் இருக்கிற பன்னிரண்டு பேரும் காலையில் ரயில் ஏறுவோம். பக்கத்தில் இருக்கிற ஒரு ஊருக்குப் போவோம். ஆட்டோ வைக்காமல் அந்த ஊரை நடந்தே பார்ப்போம். ராத்திரி சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடுவோம். அவ்வளவுதான்.

இதுக்கு எதுக்கு ஒரு பேச்சு என்று நீங்கள் நினைக்கலாம். ஒன்று கேட்கிறேன், மனசுக்குள்ளேயே பதில் சொல்லிக்கோங்க. கல்யாணம், சாவு, ஆஸ்பத்திரி, கோயில் இந்த நாலையும் விட்டுட்டு நாம கடைசியா எப்போ ஒரு ஊருக்குப் போனோம்? அப்படியே போனாலும் யார் கூட்டிட்டுப் போனாங்க? அப்பா, வீட்டுக்காரர், மகன். அவங்க முன்னாடி நடப்பாங்க, நாம பின்னாடி பையைத் தூக்கிட்டு நடப்போம். எந்த ஸ்டேஷனில் இறங்கினோம், எந்தப் பக்கம் திரும்பினோம் என்று நமக்குத் தெரியாது. தெரிஞ்சுக்க வேண்டிய அவசியமும் இருந்ததில்லை.

எங்க குப்பத்துக்குப் பக்கத்தில்தான் பறக்கும் ரயில் போகிறது. 1995ல் பீச்சிலிருந்து சேப்பாக்கம் வரைக்கும் விட்டார்கள். 1997ல் மயிலாப்பூர் வரைக்கும் வந்தது. முண்டகக்கண்ணியம்மன் கோயில் ஸ்டேஷன் 2014ல் திறந்தார்கள். எங்க வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம்தான். அப்படி இருந்தும், நாங்கள் முதல் தடவை கிளம்பியபோது எங்க குழுவில் அந்த ரயிலில் ஒரு தடவைகூட ஏறாதவர்கள் ஐந்து பேர் இருந்தார்கள். அந்த ஐந்து பேரும் சோம்பேறிகள் இல்லை. விடிகாலையில் ஏலத்துக்கு நிற்கிறவர்கள், வெயிலில் உட்கார்ந்து மீன் விற்கிறவர்கள். அவங்க நடக்காத நடையா? ஆனால் அந்த நடை எல்லாம் பிழைப்புக்கு நடந்த நடை.

இப்போது நாங்கள் எப்படிச் செய்கிறோம் என்று சொல்கிறேன். உங்க குழுவுக்கும் உதவும்.

முதலில் பணம். சேமிப்புப் பணத்தில் கை வைக்கக் கூடாது என்று தீர்மானம் போட்டோம். தனியாக ஒரு உண்டியல். வாரக் கூட்டத்தில் ஆளுக்குப் பத்து ரூபாய். நாலு மாசத்தில் ஒரு ஆளுக்கு நூற்றி அறுபது, நூற்றி எழுபது சேர்ந்துவிடும். அதுக்குள்ள டிக்கெட், டீ, வழிச்செலவு எல்லாம் முடிஞ்சுடும். பறக்கும் ரயிலில் ஐந்து ரூபாய் கொடுத்தால் பீச் வரைக்கும் போகலாம். மதியச் சாப்பாடு வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போவோம். கணக்கை நான் எழுதி அடுத்த கூட்டத்தில் படிப்பேன்.

அடுத்தது நாள். எங்களுக்குப் புரட்டாசி மாசம் வசதி. நிறைய வீட்டில் கவிச்சி சாப்பிட மாட்டாங்க, மீன் வியாபாரம் மந்தம். சும்மா உட்கார்ந்து ஈ ஓட்டுகிற நாளில் ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். ஞாயிற்றுக்கிழமை போக மாட்டோம். அன்றைக்கு ரயில் குறைவு, எங்களுக்கு வியாபாரமும் அன்றைக்குத்தான்.

அப்புறம் பொறுப்பு. ஒவ்வொரு தடவையும் வேற ஒருத்தர் தலைவி. டிக்கெட் எடுப்பது, வழி கேட்பது, தலை எண்ணுவது எல்லாம் அவங்கதான். படிக்கத் தெரியாது என்று சொல்லி யாரும் தப்பிக்க முடியாது. படிக்கத் தெரியாத அக்காவுக்கு ஸ்டேஷனை விரல் விட்டு எண்ணச் சொல்லிக் கொடுத்தோம். முண்டகக்கண்ணியம்மன் கோயிலில் ஏறினால் கலங்கரை விளக்கம் ஒன்று, திருவல்லிக்கேணி இரண்டு, சேப்பாக்கம் மூன்று, சிந்தாதிரிப்பேட்டை நாலு, பார்க் டவுன் ஐந்து, கோட்டை ஆறு, பீச் ஏழு. சென்ட்ரல் பக்கம் போக ஐந்தில் இறங்கணும். காஞ்சிபுரம், செங்கல்பட்டு ரயிலுக்கு ஏழில் இறங்கணும். மீன் கூறு எண்ணத் தெரிஞ்சவளுக்கு ஸ்டேஷன் எண்ண வராதா?

சின்னச் சின்ன விஷயம் இன்னும் இரண்டு. மின்சார ரயிலுக்கு டிக்கெட் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்குள் ஏறிவிட வேண்டும், முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொண்டு கதை பேசக் கூடாது. ரயிலில் ஏதாவது தொந்தரவு என்றால் 139 என்ற எண்ணுக்குப் போன் பண்ணலாம். இதை எல்லார் போனிலும் ஏற்றி வைத்திருக்கிறோம்.

இனி ஊர்களைப் பற்றிச் சொல்கிறேன்.

முதல் தடவை ரொம்ப தூரம் போகவில்லை. ராயபுரம்தான். பீச்சுக்கு அடுத்த ஸ்டேஷன். மீன் எடுக்கக் காசிமேட்டுக்குப் போறவங்க எங்களில் உண்டு, ஆனால் ராயபுரம் ஸ்டேஷனை யாரும் நின்று பார்த்ததில்லை. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856ல் அங்கிருந்துதான் கிளம்பி வாலாஜா ரோடு வரைக்கும் போனதாம். சென்ட்ரல் ஸ்டேஷன் 1873ல் வந்தது, எழும்பூர் 1908ல் வந்தது. அதுக்கெல்லாம் முன்னாடி நின்ற தூண்கள் இன்னும் அங்கே நிற்கின்றன. அந்தத் தூணில் கை வைத்து ஒரு அக்கா, "நம்ம பாட்டிக்குப் பாட்டி காலத்துல நின்னதா இது" என்று கேட்டாங்க. அப்புறம் அங்கிருந்து நடந்து காசிமேட்டுக்குப் போனோம். அன்றைக்குக் கையில் கூடை இல்லை. கூடை இல்லாமல் துறைமுகத்தைப் பார்ப்பது வேற மாதிரி இருந்தது.

இரண்டாவது காஞ்சிபுரம். பீச்சிலிருந்து நேராகவே சில ரயில் உண்டு, இல்லையென்றால் செங்கல்பட்டில் மாறிப் போகலாம். செங்கல்பட்டு வரும்போது ஜன்னல் பக்கம் கொளவாய் ஏரி தெரியும். எல்லாரும் அந்தப் பக்கம் போய் நின்றுவிட்டோம். கடலைத் தினமும் பார்க்கிறவங்க ஏரியைப் பார்த்து வாயைப் பிளந்தோம்.

காஞ்சிபுரத்தில் ஏகாம்பரநாதர் கோயில், அறிஞர் அண்ணாவின் நினைவு இல்லம் எல்லாம் பார்த்தோம். எனக்குப் பிடித்தது ஊருக்கு ஒதுக்கமாக இருக்கிற கைலாசநாதர் கோயில். ராஜசிம்மன் என்ற பல்லவ ராஜா கட்டியது, ஆயிரத்து முந்நூறு வருஷம் ஆகிறது. முன்னாடி வரிசையாகச் சின்னச் சின்னக் கோயில்கள் இருக்கின்றன. அதில் ஒன்றைக் கட்டியது அவருடைய ராணி ரங்கபதாகை என்று கல்வெட்டே சொல்கிறதாம். அங்கே இருந்தவர் இதைச் சொன்னதும் எங்க ஆட்கள் எல்லாரும் ராஜா கட்டியதை விட்டுட்டு ராணி கட்டியதைத் தேடிப் போய்விட்டார்கள். ஒரு பொம்பளை தன் பேரில் செய்த வேலை ஆயிரம் வருஷம் தாண்டி நிற்கிறது என்றால் சும்மாவா?

அதன்பிறகு நெசவாளர் தெருவில் நடந்தோம். பட்டுப்புடவையின் உடலும் கரையும் வேற வேற நிறத்தில் இருக்கே, அதைக் கோர்வை என்கிறார்கள். கரையையும் உடலையும் தறியிலேயே கோர்த்து நெய்யணும். ஒருத்தர் தறியில் உட்கார, இன்னொருத்தர் பக்கத்தில் இருந்து கரைக்கு நாடா தள்ளணும். தார் சுற்றிக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் பேசினோம். நாள் முழுக்க அந்த வேலைதானாம். "நீங்க பட்டுப்புடவை கட்டுவீங்களாம்மா" என்று கேட்டோம். சிரித்துவிட்டு, "கல்யாணத்துக்குக் கட்டினேன்" என்றாங்க. எங்க மாமியார் சொன்னாங்க, "வஞ்சிரம் விக்கிறவ வீட்டுல நெத்திலிக் குழம்புதானே, அதே கதைதான்." அந்தத் தெருவில் நடக்காமல் ஆட்டோவில் போயிருந்தால் அந்த அம்மாவை நாங்கள் பார்த்திருக்க மாட்டோம்.

மூன்றாவது பழவேற்காடு. கும்மிடிப்பூண்டி ரயிலில் பொன்னேரி வரைக்கும் போய், அங்கிருந்து பஸ். 1613ல் டச்சுக்காரர்கள் அங்கே கோட்டை கட்டியிருந்தார்கள். கோட்டை இப்போது இல்லை, அவர்களுடைய கல்லறை மட்டும் இருக்கிறது. வாசலில் எலும்புக்கூடு மாதிரி இரண்டு சிலை. எங்க சின்ன வயசுப் பொண்ணுங்க இரண்டு பேர் உள்ளே வர மாட்டேன்னு வெளியிலேயே நின்றுவிட்டார்கள். முஸ்லிம் பெண்கள் பனை ஓலையில் பெட்டி பின்னுவதைப் பார்த்தோம், ஆளுக்கொன்று வாங்கினோம்.

ஆனால் எங்களை உட்கார வைத்தது ஏரிதான். உப்புத் தண்ணி ஏரியில் ஒடிசாவின் சிலிக்காவுக்கு அடுத்தபடி நம் நாட்டில் பெரியது இதுதான். இருளர் பெண்கள் தண்ணியில் இறங்கிக் கையாலேயே தடவி இறால் பிடிக்கிறார்கள். எங்க கடலோரத்தில் பெண்கள் தண்ணியில் இறங்கித் தொழில் செய்வதில்லை. அதைப் பார்த்ததும் எங்களுக்கு ஆச்சரியம். இன்னொன்று, அங்கே 'பாடு' என்று ஒரு முறை வைத்திருக்கிறார்கள். ஏரியில் எந்த இடத்தில், எந்த நாளில், எந்தக் குப்பத்துக்காரர் வலை கட்டுவது என்று முறை போட்டுப் பகிர்ந்துகொள்வார்கள். நல்ல இடம் ஒருத்தருக்கே போய்ச் சேராது. இன்றைக்கு உனக்கு, நாளைக்கு எனக்கு. கரையில் உட்கார்ந்து அதைக் கேட்டபோது எங்க தலைவி அக்கா, "நாம உள்கடன் கொடுக்கறதும் இதே முறைதானே" என்றாங்க. நாம புதுசாகக் கற்றுக்கொண்டதாக நினைத்தது நம்ம ஜனங்களிடம் எப்போதோ இருந்திருக்கிறது.

இப்போது ஒரு முக்கியமான விஷயம். எங்க குழுவில் ஒரு அக்கா. பேர் சொல்ல வேண்டாம், இங்கேதான் உட்கார்ந்திருக்காங்க. வீட்டுக்காரர் இல்லை. மகளைத் திருவள்ளூர் பக்கம் கட்டிக் கொடுத்திருக்காங்க. மகளைப் பார்க்கணும் என்றால் மகனுக்கு லீவு கிடைக்கணும். தீபாவளிக்கு ஒரு தடவை, பொங்கலுக்கு ஒரு தடவை, அவ்வளவுதான். பழவேற்காட்டுக்குப் போனபோது அவங்கதான் எங்களுக்குத் தலைவி. பன்னிரண்டு டிக்கெட்டும் அவங்கதான் எடுத்தாங்க, பொன்னேரியில் பஸ் விசாரித்ததும் அவங்கதான்.

போன வருஷம் ராத்திரி மகள் வீட்டிலிருந்து போன் வந்தது. நாள் இருக்கும்போதே வலி வந்துவிட்டது. மகன் வெளியூரில் வேலை. அக்கா யாரையும் எழுப்பவில்லை. விடியற்காலை முதல் ரயிலைப் பிடித்து, விரல் விட்டு ஐந்து எண்ணி, பார்க் டவுனில் இறங்கி, நடந்து மூர் மார்க்கெட் போய், திருவள்ளூர் வண்டி எது என்று கேட்டு ஏறிவிட்டாங்க. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது குழந்தை பிறக்கவில்லை. பிறக்கும்போது அம்மா வாசலில் நின்றாங்க. எங்களுக்கு விஷயம் தெரிந்தது காலை பத்து மணிக்கு, அவங்க போன் பண்ணி "பேத்தி பொறந்திருக்கா" என்று சொன்னபோதுதான். இப்போது மாசத்துக்கு ஒரு தடவை தனியாகவே போய்ப் பேத்தியைப் பார்த்துட்டு வர்றாங்க.

ஊர் சுத்தறது வேலையத்தவங்க செய்யறது என்று எங்களையும் பேசினார்கள். நாங்கள் சண்டை போடவில்லை. கணக்கு நோட்டைக் காட்டினோம், சொன்ன நேரத்துக்கு வீடு வந்து சேர்ந்தோம். இரண்டாவது தடவை என் வீட்டுக்காரரே காலையில் டீ போட்டுக் கொடுத்து, "போய்ட்டு வந்து கதை சொல்லு" என்றார். அன்றைக்கு மதியம் பிள்ளைகளுக்குச் சோறு போட்டதும் அவர்தான். ஒரு நாள் நாம் வீட்டில் இல்லையென்றால் வீடு இடிந்து விழாது. வீட்டில் இருக்கிறவர்களுக்கும் அது தெரிய வேண்டும்.

2021லிருந்து சாதாரண பஸ்ஸில் நமக்கு டிக்கெட் இல்லை. ரயில் டிக்கெட்டும் பூ வாங்குகிற காசுதான். வழி திறந்துதான் இருக்கிறது, நாம் கிளம்புவதுதான் பாக்கி.

அதனால் கூட்டமைப்புக்கு என்னுடைய வேண்டுகோள் இரண்டு. ஒன்று, ஒவ்வொரு குழுவும் வருஷத்துக்கு ஒரு பயணமாவது போக வேண்டும் என்று தீர்மான நோட்டில் எழுத வேண்டும். இரண்டு, போகிற ஊரில் இருக்கிற மகளிர் குழுவை முன்கூட்டியே கேட்டுப் பார்த்துவிட்டு வர ஏற்பாடு செய்ய வேண்டும். அவங்களும் ஒரு நாள் நம்ம ஊருக்கு வரட்டும். நொச்சிக்குப்பத்தில் புது மீன் அங்காடி இருக்கிறது, எதிரே கடல் இருக்கிறது. வந்தால் குழம்பு வைத்துப் போடுவது எங்க பொறுப்பு.

அடுத்த பயணம் திருத்தணி. மலைப்படி ஏறணும், முட்டி வலிக்காரங்க இப்பவே தைலம் வாங்கி வைச்சுக்கோங்க என்று எங்க குழுவில் சொல்லியாச்சு. வேற குழுவிலிருந்து வர விருப்பம் இருக்கிறவங்க கூட்டம் முடிஞ்சதும் என்னிடம் பேர் கொடுங்கள்.