காந்தமும் கணிப்பொறியும் மனநோயும்



உடல்நோய் வந்தால் அண்டை வீட்டாரிடம் கூறி மருத்துவமனைக்கு வழி கேட்கிறோம். மனநோய் வந்தாலோ கதவைச் சாத்திக்கொள்கிறோம். பிறந்த ஊரை விட்டு வந்து வாழும் நமக்கு இம்மறைவு மிகவும் எளிதாகிவிடுகிறது. ஆதலின், அந்நோய்க்கு அறிவியல் கண்டுள்ள ஒரு வழியை இவ்விழாவில் எடுத்துரைக்க விழைகிறோம்.

மாறும் காந்தப்புலம் மின்னோட்டத்தைத் தூண்டும் என்று 1831ஆம் ஆண்டில் மைக்கேல் பாரடே காட்டினார். அவ்விதியைக் கொண்டு, 1985ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஆண்டனி பார்க்கரும் குழுவினரும் மண்டையைத் திறவாமலே மூளையைத் தூண்டினர். தலைமேல் வைத்த கம்பிச்சுருளில் கணப்பொழுது மின்சாரம் பாய, எழும் காந்தப்புலம் எலும்பைத் தடையின்றிக் கடந்து உள்ளே மின்புலத்தை எழுப்புகிறது. மருந்தால் தணியாத மனச்சோர்வு நோய்க்கு இம்முறையைக் கையாள, அமெரிக்க அரசின் உணவு மருந்து நிர்வாகம் 2008ஆம் ஆண்டில் இசைவளித்தது.

ஆயின், சுருளை எங்கே வைப்பது? கைவிரலை அசைக்கும் மூளைப்பகுதியைக் கண்டு, அங்கிருந்து 5 சென்டிமீட்டர் முன்னே வைப்பது தொடக்ககால வழக்கம். எல்லாத் தலைக்கும் ஒரே அளவு! ஆனால் மூளையின் மடிப்பும் மண்டையோட்டின் கனமும் ஆளுக்கு ஆள் வேறுபடுகின்றன. சுருளுக்கும் மூளைக்கும் இடைவெளி கூடக் கூடப் புலம் விரைந்து மெலிகிறது.

இங்கேதான் கணிப்பொறி துணைக்கு வருகிறது. நோயாளியின் தலையை எம்.ஆர்.ஐ. படமாக எடுத்து, தோல், எலும்பு, மூளைநீர், மூளையின் சாம்பல்நிறப் பகுதி, வெண்ணிறப் பகுதி என வகுத்து, பல இலட்சம் நுண்கூறுகளாகப் பிரிக்கின்றனர். மூளைநீர் மின்சாரத்தை நன்கு கடத்தும். எலும்பு மிகக் குறைவாகவே கடத்தும். இவ்வேறுபாடுகளைச் சேர்த்துக் கணித்தால், சுருளை எங்கே எத்திசையில் வைத்தால் எவ்விடத்தில் எவ்வளவு புலம் எழும் என்பது, சிகிச்சை தொடங்குமுன்னரே புலனாகிறது. 'சிம்நிப்ஸ்' என்னும் மென்பொருள் ஆராய்ச்சியாளர்க்கு இக்கணக்கிற்காக விலையின்றிக் கிடைக்கிறது.

இது மந்திரம் அன்று. கணிப்பொறி உரைப்பது புலத்தின் அளவையே. குணமாகும் என்னும் உறுதியை அன்று. தலைக்குள் உலோகம் உள்ளோர்க்கு இம்முறை பெரும்பாலும் ஆகாது. அரிதாக வலிப்பும் நேரலாம். ஆதலின் மனநல மருத்துவரே முடிவு செய்தல் வேண்டும்.

அன்பர்களே! ஒரு தலைக்கு ஏற்ற கணக்கு மற்றொரு தலைக்கு ஏலாது என்று கருவியே காட்டும்போது, 'மனத்தைத் திடமாக வைத்துக்கொள்' என்னும் ஒரே மருந்தை நாம் எல்லார்க்கும் கூறலாமோ? மனநலச் சிகிச்சை பெறுவது ஒவ்வொருவர்க்கும் உரிமை என 2017ஆம் ஆண்டின் இந்திய மனநலப் பராமரிப்புச் சட்டம் கூறுகிறது. அவ்வுரிமைக்கு நம் வீட்டுக் கதவு தடையாதல் கூடாது. நோயுற்றாரை நாணவிடாமல், மருத்துவரிடம் உடன் சென்று நிற்போமாக!