ஜெயங்கொண்டத்தைத் தேடினா ஏன் கிடைக்கல? ஒரு டெக்ஸ்ட் ஃபைல், ஒரு ஷெல் ஸ்கிரிப்ட்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியும் திருத்தியும் தரப்பட்டுள்ளது.)

இன்னைக்குப் புது ஃப்ரேம்வொர்க் கிடையாது, ஏஐ கிடையாது. ஒரு டெக்ஸ்ட் ஃபைல், ஒரு ஷெல் ஸ்கிரிப்ட், அவ்வளவுதான். ஃபைல்ல வரிக்கு ஒருத்தர்னு ஆட்களோட விவரம் இருக்கு. ஒரு பேரைக் கொடுத்தா அவரோட வரியை எடுத்துக் கொடுக்கணும். காலேஜ் லேப்லயே செஞ்சிருப்பீங்க. இதுல பேச என்ன இருக்குன்னு தோணலாம். ஆனா அந்த வரி மாறி வந்தாலோ, வராமலே போனாலோ, அடி விழறது ஸ்கிரிப்ட் எழுதினவர் மேல இல்லை. மேசைக்கு அந்தப் பக்கம் நிக்கிற ஆள் மேல.

பேச வசதியா ஒரு கற்பனைப் பட்டியல் வெச்சுக்கலாம். பெரம்பலூர், அரியலூர் ரெண்டு மாவட்டத்துப் பிள்ளைகளுக்கும் காலேஜ் ஃபீஸ் கட்ட உதவற ஒரு சின்ன அறக்கட்டளை. பல வருஷமா சேர்ந்த பேர்கள், 4,000 வரி. ஒவ்வொரு வரியிலும் பதிவு எண், பேர், அப்பா பேர், ஊர், மாவட்டம், பின்கோடு, ஃபோன். ஏன் குறிப்பா இந்த ரெண்டு மாவட்டம்? காரணம் இருக்கு, நடுவுல வரும்.

கிரெப் கேக்கிற கேள்வி வேற

முதல்ல எல்லாரும் எழுதறது ஒரே வரி. கிரெப், அடுத்து பேர், அடுத்து ஃபைல். கிரெப்பை எழுதினவர் கென் தாம்ப்ஸன். 1973ல வந்த யூனிக்ஸ் நாலாம் பதிப்புலயே அது இருந்தது. 50 வருஷம் தாண்டியும் தினமும் ஓடிக்கிட்டு இருக்கு. நல்ல கருவி, சந்தேகமே இல்லை.

ஆனா கிரெப்புக்குத் தெரிஞ்ச கேள்வி ஒண்ணுதான்: ‘இந்த எழுத்துகள் இதே வரிசையில இந்த வரியில எங்கேயாவது இருக்கா?’ நாம கேக்க நினைக்கிற கேள்வி, ‘இந்த ஆள் நம்ம பட்டியல்ல இருக்காங்களா?’ இந்த ரெண்டு கேள்விக்கும் நடுவுல இருக்கிற இடைவெளியிலதான் எல்லாப் பிரச்சனையும்.

‘செல்வி’ன்னு தேடுங்க. தமிழ்ச்செல்வி வருவாங்க, கலைச்செல்வி வருவாங்க. ‘ராஜா’ன்னு தேடினா ராஜாராம் வருவாரு, அப்பா பேர் ராஜான்னு இருக்கிற அத்தனை பிள்ளைகளும் வருவாங்க. ஜெயங்கொண்டத்தோட பின்கோடு 621802. அதைத் தேடினா, யாரோ ஒருத்தரோட பத்து இலக்க ஃபோன் நம்பருக்குள்ள அதே ஆறு இலக்கம் இருந்தாலும் அந்த வரியும் சேர்ந்து வரும். கிரெப் மேல தப்பே இல்லை. கேட்டதைக் கொடுத்துச்சு.

இதுக்கு ரொம்பப் பழைய பாடம் ஒவ்வொரு லினக்ஸ் மெஷின்லயும் இருக்கு. ‘எட்சி’ டைரக்டரிக்குள்ள இருக்கிற பாஸ்வேர்ட் ஃபைல். அதுவும் வரிக்கு ஒரு யூஸர்னு வெறும் டெக்ஸ்ட்தான். ஏழு பத்தி, நடுவுல முக்காற்புள்ளி. யூஸர் பேர், பாஸ்வேர்ட் இடம், யூஸர் எண், குரூப் எண், குறிப்பு, ஹோம் டைரக்டரி, ஷெல். அதுல வெறுமனே ‘ராம்’னு தேடினா ஸ்ரீராமும் வருவாரு. அதனால அனுபவசாலிங்க, வரியோட தொடக்கத்துல இருந்து முக்காற்புள்ளி வரைக்கும் அந்தப் பேர் மட்டும் இருக்கணும்னு கட்டிப்போட்டுத் தேடுவாங்க. இல்லைன்னா ‘ஆக்’கை எடுத்து, முதல் பத்தி இதுக்குச் சரிசமமான்னு கேப்பாங்க. ‘எங்கேயாவது இருக்கா’ன்னு கேக்கறதுக்கும் ‘இந்தப் பத்தி இதேதானா’ன்னு கேக்கறதுக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசம்தான் இன்னைக்குப் பாடத்துல பாதி.

இன்னொரு விஷயமும் அந்த ஃபைல்ல இருக்கு. ஒரு கோப்போட சொந்தக்காரர் யாருன்னு சிஸ்டம் பேரா எழுதி வெக்கறதில்லை, எண்ணா எழுதி வெக்குது. பேர் வெறும் லேபிள். நம்ம ஊருக்கு இது ரொம்பவே பொருந்தும். நமக்கு இனிஷியல்தான். ஒரு சான்றிதழ்ல இனிஷியல் முன்னாடி இருக்கும், இன்னொண்ணுல பின்னாடி, மூணாவதுல அப்பா பேரே முழுசா விரிஞ்சு நிக்கும். பேரை மட்டும் நம்பித் தேடுற ஸ்கிரிப்ட் என்னைக்காவது ஒருநாள் ரெண்டு பேரை ஒருத்தரா ஆக்கிடும், இல்லை ஒருத்தரை ரெண்டு பேரா ஆக்கிடும். அதனாலதான் முதல் பத்தியில பதிவு எண்.

ஒரே வீடு, மூணு மாவட்டம்

சரி, பேரும் வேணும், மாவட்டமும் பொருந்தணும்னு வெச்சா இறுக்கமா இருக்குமேன்னு தோணும். இங்கதான் பெரம்பலூரும் அரியலூரும் வருது.

1995 வரைக்கும் ரெண்டுமே திருச்சி மாவட்டம். அந்த வருஷம் திருச்சியில இருந்து பெரம்பலூர் மாவட்டம் பிரிஞ்சது. அரியலூர் பகுதி அதுக்குள்ள போச்சு. 2001 ஜனவரியில அரியலூர் தனி மாவட்டம் ஆச்சு. 2002ல திரும்பப் பெரம்பலூரோட சேர்த்துட்டாங்க. 2007 நவம்பர்ல மறுபடியும் தனி மாவட்டம்.

இதை ஒரு ஆளோட பேப்பர்கள்ல வெச்சுப் பாருங்க. 1990ல ஜெயங்கொண்டத்துல பிறந்த ஒருத்தர். பிறந்த வருஷக் கணக்குப்படி அவங்க மாவட்டம் திருச்சி. 2001ல ஒரு சான்றிதழ் வாங்கியிருந்தா அரியலூர். 2005ல பத்தாவது எழுதினப்போ பெரம்பலூர். இப்போ ஆதார்ல அரியலூர். ஒரே வீடு. யாரும் பெட்டி கட்டி எங்கேயும் போகல. கோடுதான் அவங்க தலைக்கு மேல போயிட்டு வந்துச்சு.

இப்போ உங்க ஸ்கிரிப்ட் ‘மாவட்டப் பத்தி அரியலூர்’னு கேட்டா, 2005ல பதிஞ்ச வரி வராது. ‘பெரம்பலூர்’னு கேட்டா, இன்னைக்கு அரியலூர்ல இருக்கிறவங்களும் சேர்ந்து வருவாங்க. மொத்த வரியிலும் தேடிடலாம்னு போனா, அரியலூர் ஊர்ப் பேரும் கூட. ஊருக்கும் மாவட்டத்துக்கும் கிரெப்புக்கு வித்தியாசம் தெரியாது.

அப்போ என்ன பண்றது? மாவட்டத்தை ஆளோட அடையாளமா நினைக்காம, அந்த வரியை எழுதின தேதியோட ஒரு குறிப்பா மட்டும் வெச்சுக்கணும். பதிஞ்ச வருஷத்துக்கும் ஒரு பத்தி கொடுங்க. பொருத்திப் பாக்க ஊரையும் பின்கோடையும் எடுங்க. பின்கோடு அஞ்சல் துறையோட கணக்கு, மாவட்ட எல்லைக் கோட்டை வெச்சுப் போட்டது இல்லை. பெரம்பலூர் 621212, அரியலூர் 621704, ரெண்டுமே இன்னைக்கும் 621லதான் தொடங்குது. இதே சிக்கல் 2019ல பிரிஞ்ச கள்ளக்குறிச்சி, தென்காசி, செங்கல்பட்டு எல்லாத்துக்கும் உண்டு. அரியலூர்ல மட்டும் போயி, வந்து, திரும்பப் போனதால படம் தெளிவா தெரியுது.

ஏழு எழுத்து, 36 பைட்

ஊர்ப் பத்தியில ‘ஜெயங்கொண்டம்’னு இருக்கு. கண்ணால பாக்கறீங்க. ஸ்கிரிப்ட்ல அதையே டைப் பண்ணித் தேடறீங்க. பூஜ்ஜியம். பைத்தியம் பிடிக்கும்.

காரணம் ‘கொ’. யூனிகோட்ல இதை ரெண்டு விதமா எழுதலாம். க, பக்கத்துல ஒகரக் குறி ஒண்ணு. இல்லைன்னா க, அப்புறம் எகரக் கொம்பு, அப்புறம் துணைக்கால்னு தனித்தனியா. திரையில ரெண்டும் ஒரே மாதிரி தெரியும். உள்ள வேற வேற. நாம எண்ணினா ஜெயங்கொண்டம் ஏழு எழுத்து. முதல் விதத்துல அது 12 குறியீடு. யூடிஎஃப்-8ல ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட், மொத்தம் 36. ரெண்டாவது விதத்துல 13 குறியீடு, 39 பைட். கிரெப் பைட்டைத்தான் ஒப்பிடும். 36ம் 39ம் எப்படிப் பொருந்தும்?

அதே மாவட்டத்துல இருக்கிற கங்கைகொண்ட சோழபுரத்தை எடுங்க. ‘கொ’ ஒண்ணு, ‘சோ’ ஒண்ணு. ரெண்டுக்கும் ரெண்டு வழி, ஆக ஒரே ஊரை நாலு விதமா எழுதலாம். பழைய எழுத்துருவுல இருந்து மாத்தின ஃபைல், பிடிஎஃப்ல இருந்து காப்பி பண்ணின ஃபைல் இதுலயெல்லாம் இந்தப் பிரிஞ்ச வடிவம் அடிக்கடி வரும்.

தீர்வு சுலபம். யூனிகோட்ல என்எஃப்சின்னு ஒரு சீரான வடிவம் இருக்கு. ‘யூகான்வ்’ங்கிற கருவியோ ரெண்டு வரி பைத்தானோ போதும், ஃபைலை அந்த வடிவத்துக்கு மாத்திடும். ஆனா ஃபைலை மட்டும் மாத்தினா பத்தாது, தேடறதுக்காக டைப் பண்ற வார்த்தையையும் அதே வடிவத்துக்குக் கொண்டு வரணும்.

எக்ஸெல்ல இருந்து வர்ற ஃபைல்னா இன்னும் ரெண்டு விஷயம். ஒண்ணு, விண்டோஸ் ஒவ்வொரு வரி முடிவுலயும் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியை விட்டுட்டுப் போகும். அதனால கடைசிப் பத்தி எப்பவுமே ‘சரிசமம்’ ஆகாது. இன்னொண்ணு, எக்ஸெல் முன்னாடி இருக்கிற பூஜ்ஜியத்தைத் தின்னுடும். பெரம்பலூரோட எஸ்டிடி கோட் 04328, அரியலூரோடது 04329. பத்தியை டெக்ஸ்ட்னு சொல்லி வெக்கலைன்னா 4328னு வந்து நிக்கும்.

‘பதிவு இல்லை’ங்கிற வார்த்தை

இப்போ எபிசோடோட முக்கியமான இடம். பல ஸ்கிரிப்ட்ல இப்படித்தான் இருக்கும்: கிரெப்ல கிடைச்சா காட்டு, இல்லைன்னா ‘பதிவு இல்லை’ன்னு சொல்லு.

கிரெப் முடிஞ்சதும் ஒரு எண்ணைத் திருப்பித் தரும். 0ன்னா கிடைச்சது. 1ன்னா கிடைக்கல. 2ன்னா ஏதோ கோளாறு: ஃபைலே இல்லை, திறக்க அனுமதி இல்லை, இந்த மாதிரி. மேல சொன்ன ஸ்கிரிப்ட் 1ஐயும் 2ஐயும் ஒண்ணா நினைக்குது. யாரோ ஃபைல் பேரை மாத்தியிருப்பாங்க. அன்னைக்கு வர்ற எல்லாருக்கும் ‘பதிவு இல்லை’. ஃபீஸ் கட்டக் கடைசி நாள்ல செந்துறையில இருந்து பஸ் ஏறி வந்த பொண்ணுக்கு அந்த ரெண்டு வார்த்தை எப்படிக் கேக்கும்னு யோசிங்க. அவங்க சண்டை போட மாட்டாங்க. கம்ப்யூட்டர்லயே இல்லையாமேன்னு திரும்பிப் போயிடுவாங்க.

அதனால பதில் நாலு விதமா இருக்கணும். ஒரே வரி கிடைச்சா காட்டு. ரெண்டு மூணு கிடைச்சா முதல் வரியை எடுத்துக் கொடுத்துடாதே, பதிவு எண்ணைக் கேளு. எதுவும் கிடைக்கலைன்னா ‘இந்த எழுத்தில் கிடைக்கவில்லை, பதிவு எண்ணில் தேடவும்’னு சொல்லு. கோளாறுன்னா கோளாறுன்னே சொல்லு. ‘கிடைக்கவில்லை’ன்னு சொல்றது தேடினதைப் பத்தின தகவல். ‘பதிவு இல்லை’ன்னு சொல்றது ஆளைப் பத்தின தீர்ப்பு. ஸ்கிரிப்டுக்கு முதல்ல சொன்னதுக்கு மட்டும்தான் உரிமை.

இன்னொரு ஓட்டை: பேர் டைப் பண்ணாம என்ட்டர் தட்டினா என்ன ஆகும்? வெறுமையான வார்த்தை எல்லா வரிக்கும் பொருந்தும். 4,000 பேரோட ஃபோன் நம்பரும் திரையில ஓடும். காலியா இருந்தா தேடாதேன்னு ஒரு வரி எழுதுங்க. பேர்ல இருக்கிற புள்ளியை கிரெப் ‘எந்த எழுத்தும் வரலாம்’னு புரிஞ்சுக்கும், நம்ம இனிஷியல்லயோ புள்ளி இருக்கும். சும்மா எழுத்தாவே எடுத்துக்கோன்னு சொல்ல, ஹைஃபனோட கேப்பிடல் எஃப் போடுங்க.

கடைசியா, திரும்ப அந்தப் பாஸ்வேர்ட் ஃபைலுக்கே வருவோம். ஒரு காலத்துல மறையாக்கின பாஸ்வேர்டும் அதுலயே இருந்தது. ஆனா பேரைக் கண்டுபிடிக்க எல்லா நிரலும் அதைப் படிக்கணும், அதனால எல்லாராலயும் படிக்க முடியும். அப்புறம்தான் ரகசியத்தைப் பிரிச்சு ‘ஷேடோ’ன்னு வேற ஃபைல்ல வெச்சு, பழைய இடத்துல ஒரு எக்ஸ் மட்டும் விட்டாங்க. நம்ம பட்டியலுக்கும் அதே வழிதான். தேடறதுக்குத் தேவையானது ஒரு ஃபைல்ல. ஆதார், வங்கிக் கணக்கு இருந்தா வேற ஃபைல்ல, வேற அனுமதியோட. தேடற பேரை கமாண்ட் வரியிலயே கொடுத்தா அது ஹிஸ்டரியில தங்கும், அதே மெஷின்ல இருக்கிற மத்தவங்களுக்கும் தெரியலாம். ஸ்கிரிப்ட் ஓடின பிறகு கேட்டு வாங்கறது நல்லது.

இவ்வளவு பண்றதுக்கு ஒரு டேட்டாபேஸ் போட்டுடலாமேன்னு கேப்பீங்க. போடலாம், எஸ்க்யூலைட் நல்லாவே இருக்கும். ஆனா ‘கொ’ அங்கேயும் ரெண்டு விதம்தான், மாவட்டம் அங்கேயும் மாறும். டெக்ஸ்ட் ஃபைல்ல ஒரு வசதி, இதெல்லாம் கண்ணு முன்னாடியே தெரிஞ்சுடும்.

உங்ககிட்ட இந்த மாதிரிப் பட்டியல் இருந்தா, இன்னைக்கு ராத்திரியே ஒரு ‘கொ’ இருக்கிற ஊர்ப் பேரை ரெண்டு விதமாவும் தேடிப் பாருங்க. எத்தனை வரி வித்தியாசம்னு எண்ணுங்க. அந்த வித்தியாசம்தான் இத்தனை நாளா உங்க ஸ்கிரிப்ட் திருப்பி அனுப்பினவங்க. அடுத்த எபிசோட்ல பாக்கலாம்.