படிதலும் பற்றுதலும் ஒட்டுதலும்



ஓர் ஆங்கிலக் கலைச்சொல்லுக்கு ஒரு தமிழ்ச் சொல்லை நிறுவிவிட்டால் அறிவியல் தமிழாகிவிடும் என்று நாம் எண்ணுவதுண்டு. அவ்வெண்ணம் போதாது என்பதை ஆளி வளர்ப்பகம் நமக்குக் காட்டுகிறது. ஆளி என்பது உணவாகும் சிப்பி. அதன் இளவுயிரி நீந்துவதை விட்டு ஓரிடத்தில் நிலைகொள்வதை ஆங்கில நூல்கள் பெரும்பாலும் 'செட்டில்' என்றே குறிக்கின்றன. தமிழில் அதனை எவ்வாறு சொல்வோம்?

பசிபிக் ஆளியை எடுத்துக்கொள்வோம். கருவுற்ற ஏறத்தாழ ஒரு நாளில் இளவுயிரிக்கு ஓடு உருவாகிறது. அப்போது அதன் அளவு 70 மைக்ரான் இருக்கும். நுண்மயிர்கள் அடர்ந்த மடலை அசைத்தே அது நீந்துகிறது, உணவையும் திரட்டுகிறது. அதன் சிறு வாய்க்கு ஏற்றவை சில மைக்ரான் அளவுள்ள நுண்பாசிகளே. ஐசோகிரைசிஸ், கீட்டோசெராஸ் முதலியவற்றைத் தனித்தனியே வளர்த்துக் கலந்து ஊட்டுவர்; தேவையான சத்து அனைத்தும் ஒரே பாசியில் அமைவது அரிது. உணவு குறைந்தால் வளர்ச்சி குன்றும். மிகுந்தால் உண்ணப்படாத பாசி அழுகி, தீங்கு செய்யும் பாக்டீரியா பெருகும். அவ்வாறு நலிந்தவையும் இறந்தவையும் தொட்டியின் அடியில் கிடக்கும். சேறு போலத் தம் எடையால் தாழும் இந்நிகழ்வே படிதல்.

நன்கு உண்டு வளர்ந்த இளவுயிரி, இரண்டு மூன்று வாரங்களில் ஏறத்தாழ 300 மைக்ரானை எட்டுகிறது. கரிய கண்புள்ளி தோன்றுகிறது, கால் வளர்கிறது. இதுவும் அடிக்கு இறங்கும். ஆனால் இடம் தேடி இறங்கும். காலால் ஊர்ந்து பரப்பை ஆராயும். ஆளி ஓடு இதற்கு மிக உகந்த இடம். ஆதலின் வளர்ப்போர் தூய்மை செய்த ஓடுகளைத் தொட்டியில் இடுவர். இடம் ஏற்றதாயின், காலிலுள்ள சுரப்பி பசையைச் சுரக்க, இளவுயிரி தன் இடப்புற ஓட்டை அதிற் பதித்து ஒட்டிக்கொள்கிறது. பின்னர் மடலும் காலும் கண்புள்ளியும் மறைந்துவிடும். இனி அது தானாக இடம்பெயர இயலாது.

முத்துச்சிப்பியின் இயல்பு வேறு. 1981இல் தூத்துக்குடியில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் அதனை வளர்ப்பகத்தில் இனப்பெருக்கம் செய்வித்து, இளஞ்சிப்பிகளை உருவாக்கியது. முத்துச்சிப்பி இழைகளைச் சுரந்து பரப்பைப் பற்றும். இளம் பருவத்தில் அப்பிடியை விட்டு நகர்ந்து, வேறிடத்தில் மீண்டும் பற்றவும் வல்லது. ஆகவே இங்கே பற்றுதல் என்பதே பொருந்தும்.

உருமாற்றம் என்பதையும் ஒட்டுதலோடு குழப்பலாகாது. எபிநெஃப்ரின் கலந்த நீரில் பசிபிக் ஆளி இளவுயிரிகள் எதிலும் ஒட்டாமலே உருமாறுவதை 1980களின் ஆய்வுகள் காட்டின. தனித்தனி ஆளிகளைப் பெறுவதற்கு இம்முறை உதவுகிறது.

'இளவுயிரிகள் அடியில் படிந்தன' என்று பாடநூலில் எழுதிவிட்டால், மடிந்ததும் வாழ இடம் தேர்ந்ததும் மாணவர் மனத்தில் ஒன்றாகிவிடும். வளர்ப்பகத்தில் அவ்வேறுபாடு ஓர் ஈட்டின் இழப்புக்கும் விளைவுக்கும் உள்ள வேறுபாடு. படிதல், பற்றுதல், ஒட்டுதல் ஆகிய மூன்றும் நம் வீட்டில் நாளும் வழங்கும் சொற்கள். கலைச்சொல் தேடும் ஆசிரியர் முதலில் நிகழ்வை உற்று நோக்குவாராக. அதன்பின் அகராதியைத் திறப்பாராக. இதனையே நம் வகுப்பறைகளுக்குப் பரிந்துரைத்து அமைகின்றோம்.