பருவம் அறிதலும் நோன்பு காத்தலும்



திண்டிவனம், மரக்காணம் பகுதிகளில் மார்கழியில் ஊன்றும் தர்பூசணி விதை, 70 முதல் 90 நாள்களில் கனி தருகிறது. சித்திரையில் நுங்கும் மாங்கனியும், வைகாசி, ஆனியில் பண்ருட்டிப் பலாவும், ஆடியில் நாவலும் தொடரும். தையில் அவரை காய்த்துக் குலுங்கும்.

இவ்வரிசையை அறிந்தே நம் முன்னோர் நோன்பு கொண்டனர். ஆடியில் தொடங்கிக் கார்த்திகையில் நிறைவது 4 திங்கள் சாதுர்மாஸ்யம். மழை ஈரத்தில் சிற்றுயிர்கள் பெருகும். ஆதலின் துறவியர் ஓரிடத்தில் தங்குவர். இல்லறத்தார் கீரையை விலக்குவர்.

இன்றோ சந்தையில் எல்லாக் காய்கறிகளும் எந்நாளும் கிடைக்கின்றன. எது எப்பொழுது விளையும் என்பதை நம் பேரப்பிள்ளைகள் அறியார். பருவம் அறியாதவர்க்கு, "இப்பொழுது கீரை வேண்டா" என்பது வெறுங்கட்டளையாகவே தோன்றும். காரணம் மறைந்து கட்டளை மட்டும் எஞ்சினால், நோன்பு அடுத்த தலைமுறையில் நில்லாது.

எனவே, பெரியோர்களே, தாய்மார்களே, ஐப்பசி மழை ஓய்ந்த ஒரு காலையில் பிள்ளைகளைக் கீரைப்பாத்திக்கு அழைத்துச் செல்லுங்கள். இலையைப் பறியாமல் மெல்லத் திருப்பி, அதனடியில் வாழும் சிற்றுயிரைக் காட்டுங்கள். கொல்லாமையை அவர்கள் தம் கண்ணாலேயே கற்பார்கள்.

அறம் வளர்க!